நான்கு வருடம் நின்ற மாருதி: எதை நாமே தொடலாம், எதைத் தொடக்கூடாது

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பா ஓட்டிய 1998 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. அப்பா தவறிய பிறகு நான்கு வருடமாக வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஒர்க் ஷாப்பில் வந்து பார்த்துவிட்டு, இன்ஜினை இறக்க வேண்டும், நாற்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். பைக் வேலை நானே செய்வேன். இதையும் நானே செய்ய முடியுமா, இல்லை எடைக்குப் போட்டுவிடலாமா?"

எடைக்குப் போட வேண்டாம் தம்பி. இன்ஜினையும் இப்போதைக்கு இறக்க வேண்டாம். ஒரு சுற்றுகூடச் சுற்றிப் பார்க்காத இன்ஜினுக்கு யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நான் பட்டறை வைத்திருப்பவன் இல்லை. பாலிடெக்னிக் ஒன்றில் ஆட்டோமொபைல் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் இன்னும் ஒரு 1996 மாருதி ஓடுகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நம் பக்கம் பழைய கார்கள் இன்ஜின் தேய்ந்து சாவது குறைவு. உப்புத் தண்ணீர், வெயிலில் காய்ந்த ரப்பர், துருப்பிடித்த எர்த் (பேட்டரி மைனஸை வண்டி உடம்போடு இணைக்கும் ஒயர்), இந்த மூன்றும்தான் பெரும்பாலும் கொண்டுபோகின்றன. மூன்றுமே வீட்டு வாசலில் சரிசெய்யக்கூடியவை.

ஆனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வண்டி எங்கே நின்றது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டிய அந்த மழையில் நெல்லை ஜங்ஷன் பேருந்து நிலையமே மூழ்கிக் கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் தெரு மேட்டில் இருந்தால் கவலையில்லை. தெரியவில்லை என்றால் வண்டியே சொல்லும். டிக்கியில் ஸ்டெப்னி கிடக்கும் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா, சீட்டுக்கு அடியில் உள்ள போல்டுகள் துருவேறி இருக்கின்றனவா, ஹெட்லைட் கண்ணாடிக்குள் தண்ணீர்க் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆயில் குச்சியை உருவுங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அந்த நிலையில் சாவியைத் திருப்பவே கூடாது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்த டிசம்பரில் தண்ணீர் வடிந்த மறுநாளே ஆவலாகச் சாவியைத் திருப்பி நல்ல இன்ஜினைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்கே தெரியும். இரண்டு நாள் பொறுத்திருந்தால் ஆயில் மாற்றுகிற செலவோடு போயிருக்கும்.

ஆயில் கறுப்பாக, வெறும் பழைய ஆயிலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி எழுப்பும் வேலை.

முதலில் மூன்று பிளக் ஒயர்களிலும் 1, 2, 3 என்று டேப் ஒட்டி எழுதிவிட்டுக் கழற்றுங்கள். இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-3-2. இரண்டு ஒயர் இடம் மாறினால் சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்கும், "இன்ஜின் போச்சு" என்று பயந்துவிடுவீர்கள். பிளக்கைக் கழற்றும் முன் அதைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் நான்கு வருட வேப்பம்பூ எல்லாம் சிலிண்டருக்குள் விழும். ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் டாப் கியரில் போட்டு, பிளக் இல்லாமலே, வண்டியை முன்பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். சக்கரம் உருள, ஃபேன் பெல்ட் சுற்றினால் இன்ஜின் இறுகவில்லை. நாற்பதாயிரத்தில் பெரும்பகுதி அந்த நிமிடமே மிச்சம்.

வண்டி நகரவே இல்லையென்றால் உடனே இன்ஜினைச் சந்தேகப்படாதீர்கள். நியூட்ரலில் போட்டுத் தள்ளிப் பாருங்கள். அப்போதும் நகராவிட்டால் பின் பிரேக்தான். ஹேண்ட் பிரேக் போட்டபடி நின்ற வண்டியில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, டிரம்மின் ஓரத்தில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் 'டொக்' என்று விடும். நீண்ட நாள் நிறுத்தப்போகிற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

பழைய ஆயிலை வடித்து ஃபில்டரோடு புதிதாக மாற்றுங்கள். மூன்று லிட்டர் டப்பா ஒன்று வாங்கினால் போதும். நம் பக்கம் இந்த வண்டிகளுக்கு 20டபிள்யூ-40 போடுவது வழக்கம், அதுவே தாராளம். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் இந்த வயதுக்குத் தேவையில்லை. வடித்த ஆயிலைக் கேனில் பிடித்து ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். வாறுகாலில் ஊற்றினால் அது பாளையங்கால்வாய் வழியாக யாரோ ஒருவர் வயலுக்குப் போகும்.

டேங்கில் இருக்கும் நான்கு வருடப் பெட்ரோல் இப்போது பெட்ரோல் இல்லை. மோந்து பார்த்தால் வார்னிஷ் வாடை அடிக்கும். முழுக்க வடித்துவிடுங்கள், பகலில், திறந்த வெளியில், பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு. கார்புரேட்டருக்குள்ளும் அந்தப் பிசின் காய்ந்து ஜெட்டுகளை அடைத்திருக்கும். மேல் மூடியைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து ஊற விட்டு, காற்று அடித்து எடுங்கள். ஜெட் ஓட்டைக்குள் ஊசி, கம்பி எதையும் விடாதீர்கள். பித்தளை ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் வண்டி ஆயுசுக்கும் பெட்ரோல் குடிக்கும். மிக்சர் ஸ்குருவைத் தொடுவதற்கு முன், அது முழுக்க மூட எத்தனை சுற்று போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு புது விஷயம். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அப்பா ஓட்டிய நாளில் பெட்ரோல் டியூபுக்கு இந்தக் கவலை கிடையாது. எத்தனால் பழைய ரப்பரை உப்பவைக்கும், பிறகு விரிசல் விடவைக்கும். டேங்கில் ஒட்டியிருக்கும் பழைய அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரையும் அடைக்கும். ஆகவே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் டியூப் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் டியூபாக, கிளாம்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய் வேலை. பழைய காரில் தீப்பிடிக்கிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது பெட்ரோல் டியூப், அடுத்தது ஒயரிங். முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு பெட்ரோல் ஃபில்டர் டேஷ்போர்டில் கிடக்கட்டும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். அதனால் டேங்கை நிரப்பிவிட்டு மூன்று மாதம் நிறுத்தி வைக்கும் பழக்கம் இனி கூடாது.

சரி, பிளக்கைத் திரும்ப மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றிச் செல்ஃப் அடித்தீர்கள், இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. இனிதான் நம் ஊர் சங்கதி: தண்ணீர்.

தாமிரபரணித் தண்ணீர் அல்வாவுக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது. ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம். ராதாபுரம், நாங்குநேரி பக்கத்துப் போர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், குடத்தில் வெள்ளை படிகிற மாதிரி ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். ஒருமுறை ராதாபுரம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஹோஸ் வெடித்து, வழியில் கிடைத்த தோட்டத்துத் தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேர்ந்தேன். அதில் தப்பில்லை, ஆபத்துக்குப் பாவமில்லை. வந்த பிறகு அதை வடிக்காமல் ஆறு மாதம் ஓட்டியதுதான் என் மடத்தனம். அடுத்த அக்னி நட்சத்திரத்தில் ரேடியேட்டரையே மாற்ற வேண்டி வந்தது.

உங்கள் வண்டியில் பழைய தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீர் விட்டு இன்ஜினை ஓடவிட்டு வடித்து, தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கடைசியில் கூலண்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. இங்கே பனியா பெய்கிறது, கூலண்ட் எதற்கு என்பார்கள். கூலண்ட் உறையாமல் காப்பதற்கு மட்டும் இல்லை. கொதிநிலையை உயர்த்துகிறது, அலுமினிய ஹெட் அரிக்காமல் காக்கிறது. அந்த ஹெட் ஒருமுறை சூட்டில் வளைந்தால்தான் உண்மையிலேயே நாற்பதாயிரம் பேச்சு வரும்.

ஹோஸ்களை ஆறிய பிறகு விரலால் அமுக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று நொறுங்குகிற சத்தம் வந்தாலும், கிளாம்ப் பக்கத்தில் புடைத்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ரேடியேட்டர் மூடியையும் மாற்றுங்கள். அதன் ஸ்பிரிங் அழுத்தம்தான் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் பிடித்து வைத்திருப்பது. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்காதீர்கள். முகத்தில் அடித்த ஆவியோடு ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் கதை எந்தப் பட்டறையில் கேட்டாலும் கிடைக்கும்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள், என் பழைய பேச்சையும் சேர்த்து. "நம்ம ஊர் சூட்டுக்கு இது எதுக்கு, கழற்றிப் போடு" என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் கழற்றி வீசினேன். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் உள்ள வால்வு, சுமார் 82 டிகிரியில் திறக்கும். அதுவரை இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்குவதுதான் அதன் வேலை. அது இல்லாத வண்டி பச்சையாகவே ஓடும், மைலேஜ் குறையும், ஆயிலில் கசடு சேரும். நல்லதா என்று பார்க்க ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் போடுங்கள். வாய் திறந்தால் நல்லது. அம்மாவிடம் கேட்டுப் பழைய பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது சூடாகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். வண்ணார்பேட்டை நெரிசலில் சூடேறி, ரோடு கிடைத்ததும் முள் இறங்கினால் ஃபேன் ஓடவில்லை. ஊருக்குள் சமர்த்தாக இருந்துவிட்டு, வள்ளியூர் ரோட்டில் எண்பதில் போகும்போது மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. கிளம்பிச் சில நிமிடத்திலேயே ஏறினால் தண்ணீர் இல்லை, அல்லது தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டது. ஃபேன் சந்தேகம் என்றால், சூடேறியதும் ஃபேனை ஓடவிடும் தெர்மோ சுவிட்சுக்கு வரும் இரண்டு ஒயரைக் கழற்றி ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் சுவிட்ச் போய்விட்டது. சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் போங்கள். கை ஃபேன் இறக்கைப் பக்கம் இருக்கவே கூடாது, இன்ஜின் நின்ற பிறகும் அது தானாகச் சுற்றும்.

அடுத்தது எர்த். பழைய வண்டியில் செல்ஃப் 'கடக்' என்று மட்டும் அடித்தால் முதல் ஆள் பேட்டரியை மாற்றுவார், இரண்டாவது ஆள் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார். முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் இரண்டு பேரையும் மிச்சப்படுத்தும். வண்டி நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. 12 காட்டினால் காலி. ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. இதெல்லாம் பலருக்கும் தெரியும். அதிகம் பேர் செய்யாதது இது: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் உடம்பில் சுத்தமான ஓர் இரும்பிலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த் ஒயர். கழற்றி, நுனியையும் அது உட்காரும் பாடியையும் உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். லைட் மங்கல், ஹார்ன் கம்மல், மீட்டர் முள் ஆட்டம் என்று தனித்தனி நோயாகத் தெரிந்த பலவும் இந்த ஒரு வேலையில் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். உவரி, திருச்செந்தூர் என்று கடற்கரைப் பக்கம் அடிக்கடி போய்வரும் வண்டி என்றால் வருடம் ஒருமுறை இதைச் செய்துவிடுவது நல்லது.

ஒயரிங் என்றதும் எலி ஞாபகம் வருகிறது. நம் ஊரில் கார் என்றால் முதலில் நெல், அப்புறம்தான் வண்டி. கார் அறுப்பும் பிசான அறுப்பும் முடிந்து வயல் வெறிச்சோடினால் எலிகள் வீட்டுப் பக்கம் ஏறும். அவற்றுக்குப் பிடித்த இடம் ஏர் ஃபில்டர் டப்பா. நான்கு வருடம் நின்ற வண்டியில் அதைத் திறக்கும்போது முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கடித்த ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாமல், ஈயம் பற்றவைத்து ஸ்லீவ் போடுங்கள்.

துருவைப் பற்றிச் சுருக்கமாக. கால் மிதி, கார்ப்பெட் எல்லாவற்றையும் தூக்கிவிட்டுத் தரையைத் திருப்புளியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டங்' என்றால் இரும்பு, 'பொத்' என்றால் துரு. கதவுக்குக் கீழே போகும் பாக்ஸ், ஜாக் வைக்கும் இடம், பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் இவற்றில் 'பொத்' கேட்டால் என் பதில் மாறும். இன்ஜின் தங்கமாக இருந்தாலும் அந்த வண்டியில் பணம் போட யோசியுங்கள். மேலே தார் மாதிரிப் பூச்சு அடித்து மறைப்பது ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதுதான்.

பிரேக், ஸ்டியரிங் இரண்டிலும் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கு வருடப் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சியிருக்கும், வீல் சிலிண்டர் ரப்பர் கசியலாம், முன் காலிப்பர் பிஸ்டன் சிக்கியிருக்கலாம். பைக்கில் பிரேக் மாற்றியிருக்கிறேன் என்பீர்கள். இதில் நான்கு சக்கரத்திலும் பிரேக் குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுக்க வேண்டும், தப்பினால் முன்னால் நிற்பது யாரோ ஒருவர். பட்டறை அண்ணாச்சியிடம் கொடுங்கள், ஆனால் கூடவே நின்று பாருங்கள். டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். அது கிலோமீட்டரால் மட்டும் இல்லை, வயதாலும் போகும். எப்போது மாற்றியது என்று பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து இந்த வண்டிக்கு வெளியில் கொடுக்க வேண்டிய செலவு இவ்வளவுதான், அதோடு டயர்.

டயரின் பக்கவாட்டில் நான்கு எண் பொறித்திருக்கும். 2317 என்றால் 2017-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன், அதாவது தரையில் படும் வெட்டு, எவ்வளவு இருந்தாலும் வெயிலில் நின்ற பழைய டயரை நம்பி நெடுஞ்சாலை ஏறாதீர்கள். 145/70 ஆர்12 அளவு, சின்ன டயர், மற்ற கார்களோடு பார்த்தால் விலை குறைவு.

வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பதும் வேண்டாம், அது சொல்லாமல் நொறுங்கும். ஜாக் ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள், கழற்றிய சக்கரத்தையும் பாடிக்கு அடியில் தள்ளி வையுங்கள். மற்றக் கருவிகளில் ரிங் ஸ்பானர் செட் மட்டும் நல்லதாக வாங்கினால் போதும். மட்டமான ஸ்பானர் போல்டின் தலையை வழித்துவிடும், பிறகு லேத் பட்டறைக்கு அலைய வேண்டும்.

பேப்பர் விஷயத்தையும் செலவுக் கணக்கில் சேருங்கள். 1998 வண்டிக்கு 15 வருடம் 2013-இல் முடிந்து, அதன் பிறகு ஐந்தைந்து வருடமாக ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2023-இல் புதுப்பித்திருந்தால் 2028 வரை இருக்கும். இல்லையென்றால் எப்.சி. பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆன கட்டணம், 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகிவிட்டது. அப்பா பெயரில் இருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றுவதற்குப் படிவம் 31. வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். 1983-லிருந்து 2014 வரை 25 லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி இது.

பேப்பரும் பிரேக்கும் சரியானதும் முதல் ஓட்டத்துக்குக் குற்றாலம் கிளம்பிவிடாதீர்கள். கிருஷ்ணாபுரம் கோயில் வரை போய்த் திரும்புங்கள், அது போதும். கண் ரோட்டிலும் சூட்டு முள்ளிலும் இருக்கட்டும். வீடு வந்ததும் இன்ஜினுக்கு அடியிலும் நான்கு சக்கரத்துக்கு உள்பக்கமும் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் அட்டையைப் பாருங்கள். கறுப்புச் சொட்டு இன்ஜின் ஆயில். பச்சையோ சிவப்போ தண்ணீர் போல இருந்தால் கூலண்ட். மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். இவை ஒன்றிரண்டு சொட்டென்றால் இடத்தைக் குறித்துவைத்து ஓட்டலாம். சக்கரத்துக்கு உள்பக்கம் வழுவழுவென்று தேன் நிறத்தில் ஒரே ஒரு சொட்டு இருந்தாலும் அது பிரேக் ஆயில், வண்டியை எடுக்கக்கூடாது. அட்டை காய்ந்து கிடந்தால், சாரல் இருக்கிறதா என்று தென்காசியில் யாரிடமாவது போன் போட்டுக் கேளுங்கள்.